ஏற்றத்தில் நிற்கும் பற்றரி

அறிவியலும் அன்றாட வாழ்வும்

மின்சைக்கிளில் உணவு விநியோகஞ் செய்து பிழைக்கும் இளைஞர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து இப்பத்திக்கு மடல் வரைந்திருக்கிறார். தமது பற்றரியைத் தாமே கட்டியதாகவும், சமதரையிலே அது நன்றாக ஓடுவதாகவும், பாதிப் பயணத்தின் பின்னர் ஏற்றம் ஒன்று வந்தால் சட்டென நின்றுவிடுவதாகவும் எழுதுகிறார். ஆளியை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்தால் மீண்டும் ஓடுகிறதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து முழுமையாக மின்னேற்றி அளந்து பார்த்தால் எல்லாமே சமமாக இருக்கின்றனவாம். "உள்ளேயுள்ள பலகைதான் பழுது, அதன் இரண்டு தடித்த கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் நிற்காது என்று நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?" என்பதே அவரது வினா.

செய்யலாகாது என்பதே விடை. இதே ஆலோசனை நம்மவர் பலருடைய காதுகளிலும் விழுந்திருக்குமாதலால், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

பலகை செய்யும் வேலை என்ன?

அன்பர் கட்டிய பற்றரியிலே 52 கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. நான்கு நான்காகச் சமாந்தரமாக இணைக்கப்பட்டுப் பதின்மூன்று குழுக்களாகி, அக்குழுக்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முழுமையாக மின்னேற்றிய கலம் ஒன்றின் வோல்ற்றளவு 4.2. எனவே முழுப் பற்றரியின் வோல்ற்றளவு 54.6 ஆகும். சந்தையிலே இதனை 48 வோல்ற்றுப் பற்றரி என்பர்.

பி.எம்.எஸ். எனப்படும் பலகையை இங்கு காவற்பலகை என்று அழைப்போம். பதின்மூன்று குழுக்களுக்கும் இடையேயிருந்து பதினான்கு மெல்லிய கம்பிகள் இதற்கு வருகின்றன. இவற்றின் வழியாக ஒவ்வொரு குழுவின் வோல்ற்றளவையும் பலகை தனித்தனியே கவனிக்கிறது. ஏதேனும் ஒரு குழு ஏறத்தாழ 4.25 வோல்ற்றுக்கு மேலே போனால் மின்னேற்றத்தைத் துண்டிக்கும். ஏதேனும் ஒரு குழு ஏறத்தாழ 2.8 வோல்ற்றுக்குக் கீழே வீழ்ந்தால் வெளியேறும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். இவ்வெல்லைகள் பலகைக்குப் பலகை சிறிது வேறுபடும். துண்டிக்கும் வேலையைச் செய்பவை மொஸ்பெற் எனப்படும் சிறிய இலத்திரனியல் ஆளிகள். பற்றரியின் எதிர்முனையிலிருந்து வரும் தடித்த கம்பிக்கும் வண்டிக்குச் செல்லும் எதிர்க்கம்பிக்கும் இடையிலே அவை அமர்ந்திருக்கின்றன. நண்பர் ஒன்றாக்கச் சொன்னது இவ்விரு கம்பிகளையே.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பலகையைத் தவிர வேறெந்தக் கருவியும் குழுக்களைத் தனித்தனியே பார்ப்பதில்லை. மின்னேற்றி பார்ப்பது மொத்தத்தை மாத்திரமே. ஒரு குழு முற்றாகச் செத்துப் பூச்சிய வோல்ற்றில் இருப்பதாகக் கொள்வோம். மின்னேற்றியோ வழக்கம்போல 54.6 வோல்ற்று வரும்வரை ஊட்டிக்கொண்டேயிருக்கும். அந்த 54.6 இப்போது பன்னிரண்டு குழுக்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 4.55 வோல்ற்று. 4.2ஐத் தாண்டக்கூடாத கலத்துக்கு இது நஞ்சூட்டுவதற்குச் சமம். கலம் சூடேறும், அந்தச் சூடே உள்ளேயுள்ள இரசாயனத் தாக்கத்தை மேலும் விரைவுபடுத்தும், ஒரு கட்டத்தின் பின் வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. கம்பிகளை ஒன்றாக்கியவர் உறங்கும் வேளையிலே இது நிகழும் என்பதுதான் கொடுமை. பெரும்பாலானோர் மின்னேற்றுவது இரவிலேதானே.

பழைய கைப்பழக்கம்

தொண்ணூறுகளிலே பற்றரிக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம்மிற் பலர். ஓய்ந்துபோன ரோச் பற்றரியை வெயிலிலே காயவைத்து மேலும் இரண்டு நாட்கள் செய்தி கேட்டவர்களும் உளர். எதையும் கழற்றிப் பார்ப்போம், எதையும் ஓடவைப்போம் என்ற துணிவு அங்கே பழகியது. அது நல்ல துணிவே. ஆனால் அந்த உலர்கலத்தின் உள்ளே இருந்தது நீர் கலந்த உப்புப் பசை. மிஞ்சிப்போனால் அது கசிந்து ரோச்சைக் கெடுக்கும். லித்தியம் கலத்தின் உள்ளே இருப்பதோ எளிதில் தீப்பற்றும் சேதனக் கரைப்பான். உலர்கலம் தவறுகளைப் பொறுத்துக்கொண்டது. லித்தியம் பொறுப்பதில்லை.

நியூயோர்க் நகரத் தீயணைப்புத் துறையின் கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நகரிலே லித்தியம் பற்றரிகளால் 268 தீவிபத்துகள் நிகழ்ந்து 18 பேர் உயிரிழந்தனர். பழைய பற்றரிகளிலிருந்து கழற்றிய கலங்களைக் கொண்டு புதிதாகப் பற்றரி கட்டுவதை அந்நகரம் அதே ஆண்டிலே சட்டத்தால் தடைசெய்தது. நமது ரொறன்ரோவிலும் 2023 டிசெம்பர் 31ஆந் திகதி, செப்பேர்ட்-யங் நிலையத்திலே நின்ற சுரங்க இரயிலினுள் மின்சைக்கிள் ஒன்றின் பற்றரி தீப்பற்றியது. நம்மவர் பலர் ஒரேயொரு வாசல் கொண்ட நிலக்கீழ் வீடுகளிலே நால்வர் ஐவராக வாழ்பவர்கள். சைக்கிளும் மின்னேற்றியும் இருப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை வாசலின் படிக்கட்டருகே. அங்கே தீ மூண்டால் வெளியேற வேறு வழியில்லை.

அளப்பதற்கு முன்னர்

பழுது பார்க்க ஒரு பல்மானி போதும். ஆனால் தொடங்குமுன் மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, கழுத்துச் சங்கிலி யாவற்றையும் கழற்றி வையுங்கள். 54 வோல்ற்று உடலைத் தாக்கும் வேகம் வீட்டு மின்சாரத்திலும் குறைவுதான். ஆனால் குறுஞ்சுற்று ஏற்பட்டால் இப்பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். மோதிரம் ஒரு நொடியிலே பழுக்கக் காய்ந்து விரலைச் சுடும். மீற்றரின் சிவப்புக் கம்பி அம்பியர் துளையிலே செருகப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அப்படியிருந்தால் அந்த மீற்றரே குறுஞ்சுற்றாகிவிடும். உலோக மேசையிலே வேலை செய்யாதீர்கள். கலம் ஏதேனும் வீங்கியிருந்தாலோ, இனிப்புக் கலந்த இரசாயன மணம் வீசினாலோ, தொடும்போது சுட்டாலோ அளவை வேண்டாம். பற்றரியை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்திலே வையுங்கள். புகை எழுந்துவிட்டால் எதையும் எடுக்க நில்லாமல் எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, 911ஐ அழையுங்கள்.

யாவற்றிலும் முதன்மையான விதி இது: வழியிலே நின்றுபோன பற்றரியை அளந்து பார்க்காமல் மின்னேற்றாதீர்கள். நமது அன்பர் ஒவ்வொரு முறையும் முதலில் மின்னேற்றிப் பின்னரே அளக்கிறார். மின்னேற்றம் தடயத்தை அழித்துவிடுகிறது.

மூன்று படிகள்

முதற்படி. பற்றரியின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே, அதாவது காவற்பலகைக்கு முன்னாலே, வோல்ற்றளவைப் பாருங்கள். பின்பு வண்டிக்குச் செல்லும் இரு முனைகளிடையே பாருங்கள். முன்னது 47, பின்னது பூச்சியம் என்றால் பலகை கதவை அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு நுணுக்கம்: அடைத்த கதவின் இடுக்கு வழியாகக் கசியும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டே டிஜிற்றல் மீற்றர் 40 வோல்ற்று எனக் காட்டிவிடக்கூடும். அதனை நம்பாமல், அந்த வோல்ற்றுக்கு ஏற்ற சிறு மின்குமிழ் ஒன்றை இணைத்துப் பாருங்கள். கதவு உண்மையிலே திறந்திருந்தால் குமிழ் எரியும்.

இரண்டாம்படி. பதினான்கு மெல்லிய கம்பிகளின் செருகியைப் பலகையிலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள். தடித்த கம்பிகளைக் கழற்ற நேர்ந்தாலும் இச்செருகியே முதலில் வரவேண்டும். மீண்டும் பூட்டும்போது இது கடைசியாகச் செல்லவேண்டும். பின்னர் அடுத்தடுத்துள்ள முனைகளிடையே ஒவ்வொன்றாக அளந்து பதின்மூன்று எண்களையும் தாளிலே எழுதுங்கள். மீற்றரின் ஊசிகள் இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டுவிடாதபடி கவனம் வேண்டும்.

மூன்றாம்படி. அந்தத் தாளை வாசியுங்கள். நோய் பெரும்பாலும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

எண்கள் சொல்லும் கதை

ஒரு குழு 3.1, அதற்கடுத்தது 4.2, ஏனையவை எல்லாம் 3.65 எனக் காட்டினால் பதறவேண்டாம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 7.3. அதாவது 3.65இன் இருமடங்கு. இரு குழுக்களுக்கும் பொதுவான நடுக்கம்பியின் தொடுப்பு தளர்ந்திருக்கிறது என்பதே இதன் பொருள். நிக்கல் பட்டையிலே நேரடியாக அளந்தால் இரண்டும் 3.65 எனவே காட்டும். கலங்களிலே குறையில்லை, கம்பியைத் திருத்தினால் போதும்.

ஓரிடத்திலே 7.3, அடுத்ததிலே கழித்தல் 3.65, அதற்கடுத்ததிலே மீண்டும் 7.3 எனக் காட்டினால் இரண்டு கம்பிகள் இடம் மாறியுள்ளன. புதிதாகப் பற்றரி கட்டுவோரிடையே இது அடிக்கடி நேர்வது. இந்நிலையிலே செருகியைப் பலகையிற் பூட்டினால் பலகையின் சில்லு கருகிவிடும். எனவே புதுப் பற்றரியிலே அளந்த பின்னரே செருகவேண்டும்.

ஒரு குழு மாத்திரம் தாழ்ந்து, ஏனைய பன்னிரண்டும் சமமாக நின்றால், அக்குழுவை மின்னேற்றாமலும், செருகியைப் பூட்டாமலும் ஒரு வாரம் விட்டு மீண்டும் அளவுங்கள். அப்போதும் தொடர்ந்து தாழ்ந்துகொண்டே போனால் கலம் ஒன்று தன்னுள்ளேயே மின்னை இழக்கிறது. அதனை மீட்க இயலாது. செருகி கழன்றிருக்கையில் நிலைத்து நின்று, பூட்டியதும் தாழத் தொடங்கினால் குற்றவாளி பலகையே. உயர்ந்த குழுவைச் சமப்படுத்தும்பொருட்டுப் பலகையிலே சிறு தடைகள் உள்ளன. அவற்றிலொன்று அணையாமல் சிக்கிக்கொண்டு இரவும் பகலும் அக்குழுவை உறிஞ்சுகிறது. இது ஒன்றிலே பலகையை மாற்றுவது சரியான வைத்தியம்.

மின்னேற்றி வழக்கத்துக்கு முன்னரே நின்றுவிடுகிறது, ஒரு குழு 4.25, ஏனையவை 4.0 என்றால் குழுக்களிடையே சமநிலை கெட்டிருக்கிறது. பலகையே சமப்படுத்தும் என்று காத்திருப்போர் அதன் வேகத்தை அறியவேண்டும். சாதாரணப் பலகை 50 மில்லியம்பியர் அளவிலேயே சமப்படுத்தும். ஒரு குழு 1 அம்பியர்மணி மிகுதியாக இருந்தால் அதைக் கரைக்க 20 மணிநேரம் பிடிக்கும். இரண்டு மணிநேர மின்னேற்றத்திலே அது நடவாது.

பதின்மூன்றும் சமம், ஆயினும் வெளியே மின்சாரமில்லை என்றால் வேறு காரணங்களைத் தேடுங்கள். செருகியைக் கழற்றிப் பூட்டிய பின்னர் பல பலகைகள் உறக்கத்திலேயே இருக்கும். மின்னேற்றியை ஒரு கணம் இணைத்தால் விழித்துக்கொள்ளும். குறுஞ்சுற்றின் பின் துண்டித்த பலகை, இணைத்த சுமையை முற்றாக அகற்றும்வரை திறவாது. குளிர்காலத்திலே மின்னேற்ற மறுத்தால் அது பழுதாக இல்லாதிருக்கலாம். பூச்சியப் பாகைக்குக் கீழே மின்னேற்றினால் கலத்தினுள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும்; ஆதலால் வெப்பவுணரி கொண்ட பலகை மறுப்பது முறையே. பற்றரியை உள்ளே கொண்டுவந்து அறையின் வெப்பத்துக்கு வந்தபின் ஏற்றுங்கள். கோடையிலும் மறுத்தால் வெப்பவுணரியின் கம்பி அறுந்திருக்கிறதா எனப் பாருங்கள். அறுந்த உணரியைப் பலகை கடுங்குளிர் எனவே விளங்கிக்கொள்ளும்.

அன்பரின் பற்றரிக்கு நேர்ந்தது

இனி மடல் எழுதிய அன்பரின் சிக்கலுக்கு வருவோம். முழு மின்னேற்றத்திலே சமம், பாதி வழியிலே ஏற்றத்தில் நிறுத்தம், ஓய்ந்தால் மீட்சி. இம்மூன்றும் சேர்ந்து ஒன்றையே சுட்டுகின்றன: ஒரு குழுவிலே நான்கு கலங்களும் வேலை செய்யவில்லை. நிக்கல் பட்டையைக் கலத்தோடு உருக்கி ஒட்டிய புள்ளிகள், வீதியின் அதிர்விலே விட்டுப்போவது வழமை. அவ்வாறு இரண்டு கலங்கள் கழன்றுபோன குழு, அரைவாசிக் கொள்ளளவுள்ள குழு. இறங்கும்போது ஏனையவற்றிலும் இருமடங்கு விரைவாக இறங்கும். ஏறும்போதும் அவ்வாறே விரைவாக ஏறும். ஆகையால் உச்சியிலே அளப்பவருக்கு எல்லாம் சமமாகவே தெரியும். வேறுபாடு வெளிப்படுவது இடைவழியிலேதான்.

உதாரணத்துக்கு, வண்டி நின்ற நேரத்திலே பன்னிரண்டு குழுக்கள் 3.65, ஒன்று மாத்திரம் 3.15 எனக் கொள்வோம். மொத்தம் 46.95 வோல்ற்று. கைப்பிடியிலுள்ள மானி இன்னும் நிறைய மின் இருப்பதாகவே காட்டும். ஏற்றத்திலே மோட்டர் 20 அம்பியர் இழுக்கிறது. ஒரு கலத்தின் அகத்தடை 50 மில்லியோம் என்றால், நான்கு கலங்கள் கொண்ட குழுவின் தடை 12.5, இரண்டே கலங்கள் கொண்டதன் தடை 25. நலமான குழு 0.25 வோல்ற்று தாழ்ந்து 3.40இல் நிற்கும். நலிந்த குழு 0.5 தாழ்ந்து 2.65க்கு வந்துவிடும். எல்லை 2.8. பலகை துண்டிக்கிறது. சுமை நின்றதும் குழு மீண்டும் 3.15க்கு எழுகிறது, பலகை திறக்கிறது. அன்பர் வீதியோரத்திலே காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் நடந்தது இதுவே.

அப்படியானால் பலகையிலே பழுதில்லை. அது தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது. நான்கு கலங்கள் சுமக்கவேண்டிய 20 அம்பியரை இரண்டு கலங்கள் சுமந்து வெந்துகொண்டிருந்தபோது, அதனை உணர்ந்தது பலகை ஒன்றே. கம்பிகளைச் சேர்த்திருந்தால் வண்டி அந்த ஏற்றத்தைக் கடந்திருக்கும். அந்த இரண்டு கலங்களும் மேலும் வெந்திருக்கும்.

அன்பர் செய்யவேண்டியது, அடுத்த முறை நின்றதும் மின்னேற்றாமல் பதின்மூன்று எண்களையும் எடுப்பதே. ஒவ்வொரு குழுவின் வோல்ற்றளவையும் புளூடூத் மூலம் கைத்தொலைபேசியிலே காட்டும் காவற்பலகைகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டிலே கட்டிய பற்றரிக்கு அத்தகையதைப் பொருத்துவது நன்று. நலிந்த குழுவைக் கண்டதும் பட்டையின் ஒட்டுகளைப் பார்க்கவேண்டும். அதற்குரிய உருக்கிணைப்புக் கருவியும் பயிற்சியும் உள்ளவரே அதைத் திருத்தலாம். ஈயம் உருக்கும் கோலைக் கலத்தின்மேல் நேரே வைத்தால் அதன் சூடு கலத்தைக் கெடுக்கும். 2 வோல்ற்றுக்குக் கீழே பல நாட்கள் கிடந்த கலத்தை மீட்க முயலவேண்டாம். உள்ளேயுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும்; மீண்டும் மின்னேற்றும்போது அச்செம்பு படிந்து உட்குறுஞ்சுற்றை உண்டாக்கக்கூடும். அத்தகைய கலங்களின் முனைகளைக் காப்புநாடாவால் மூடி மீள்சுழற்சி நிலையத்திலே ஒப்படையுங்கள், குப்பைத்தொட்டியிலே போடாதீர்கள்.

கதவை அடைக்காத பலகை

துண்டிக்கும் பலகையைப் பழித்தோம். ஒருபோதும் துண்டிக்காத பலகையைப் புகழ்வோரும் உண்டு. மொஸ்பெற் பழுதாகும்போது பெரும்பாலும் திறந்த கதவாகவே உறைந்துவிடும். மின்சாரம் தடையின்றி வரும், காவல் இராது. இதைக் கண்டறிய, வெளிமுனையிலே சிறு மின்குமிழை எரியவிட்டபடி மெல்லிய கம்பிகளின் செருகியைக் கழற்றுங்கள். பெரும்பாலான பலகைகளிலே குமிழ் சில நொடிகளில் அணையவேண்டும். தொடர்ந்து எரிந்தால் ஆளிகள் ஒட்டிக்கொண்டுள்ளன என்று ஐயுறவேண்டும். அப்பலகையை அன்றைக்கே அகற்றுங்கள். மாதம் ஒருமுறை செய்யத்தக்க சோதனை இது. ஐந்து நிமிடமும் ஆகாது.

ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் அன்றைய உழைப்புப் போய்விடும் என்பதும், ஊரிலே அந்தப் பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருக்கும் என்பதும் இப்பத்தி அறியாததன்று. அதனாலேதான் குறுக்குவழி இனிக்கிறது. ஆயினும் பற்றரியை வாசலருகே வைக்காமலும், உறங்கும்போது மின்னேற்றாமலும், பற்றரிக்கு உரிய மின்னேற்றியையன்றி வேறொன்றைப் பயன்படுத்தாமலும் இருப்பதற்குச் செலவேதும் இல்லை. புகையை உணர்ந்து ஒலிக்கும் கருவி உங்கள் அறையிலே வேலை செய்கிறதா என்று இன்றிரவே அழுத்திப் பாருங்கள். அந்தச் சிறு பற்றரியும் செத்துக் கிடக்கலாம்.

இப்பத்தியை வாசித்தபின் தமது பற்றரியின் எண்களை அளந்தெடுக்கும் வாசகர்கள் அவற்றை எமக்கு எழுதி அனுப்பலாம். பிறருக்கும் பயன்படக்கூடிய மடல்களுக்கு வருங்கிழமைகளிலே விடை தருவோம்.